வெற்றுச் சுற்று எழுதாத நான்கு துளைகள்

துளையிடும் முகாம்
பிப்ரவரி 6

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீங்களும் அண்ணனும் நலமாகத்தான் இருப்பீர்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அடுத்தவன் எண்ணை வெட்டுகிறவர்களுக்கு என்ன குறைச்சல்?

உங்கள் அறிக்கை நேற்று ஜீப்பில் வந்தது. மண்ணின் பலம் இருபத்துநான்கு என்று நான் அனுப்பிய இடத்திலெல்லாம் பதினாறு என்று இருக்கிறது. பன்னிரண்டு துளை, அறுபது சோதனை. ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை நீங்கள். மீதி எட்டை யார் தின்றது?

நாலு தகடு வைத்த அந்தக் கருவியைக் களிமண்ணுக்குள் இறக்கி, மேலே கைப்பிடியைச் சுற்றி, எந்த விசைக்கு மண் அறுகிறது என்று பார்ப்பது விளையாட்டு என்று நினைத்தீர்களா? நிமிஷத்துக்கு ஆறு பாகைதான் திருப்ப வேண்டும். மூக்கில் கொசு உட்கார்ந்தாலும் கையை எடுக்க முடியாது. முழங்கால் வரை சேறு. அது மட்டுமா? கம்பி மண்ணில் உரசுகிற விசையும் அளவோடு சேர்ந்து வந்துவிடும் என்று, தகடு திரும்பாமல் கம்பியை மட்டும் ஒரு வெற்றுச் சுற்று சுற்றி, அதைத் தனியாக எழுதிக் கழித்து, அதற்குப் பிறகுதான் எண்ணைக் கொடுக்கிறேன். எல்லாத் துளையிலும். அப்படிப்பட்டவன் கணக்கில் நீங்கள் மூன்றில் ஒரு பங்கைப் பிடுங்கினால் என்ன அர்த்தம்?

அர்த்தத்தை நேத்தே சொன்னார். நேத்தே என்பது எங்கள் சைட் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர். எதைக் கேட்டாலும் "இது நேத்தே முடிஞ்சிருக்கணும்" என்பார். உங்கள் அறிக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மொத்த ஆட்களுக்கும் முன்னால், "உங்க அண்ணியே உங்கள நம்பலையே, நாங்க எப்படிங்க நம்பறது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கீழே வேலை செய்கிற ஆட்கள், அண்ணி.

பாலத்துக்கு ஏறும் மண்கரையை மழைக்கு முன்னால் ஐந்து மீட்டருக்கு உயர்த்துவதாக இருந்தார்கள். இப்போது நீங்கள் மூன்றரை மீட்டரோடு நிறுத்தி ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லிவிட்டீர்கள். லாரிக்காரர்கள் என்னைத்தான் முறைக்கிறார்கள். பேசாமல் என் மூஞ்சியில் கரியைப் பூசியிருக்கலாம்.

பதில் எழுதினால் எழுதுங்கள்.

உங்கள் கொழுந்தன்


அலுவலகம்
பிப்ரவரி 9

தம்பிக்கு,

உன் கடிதத்தை அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ரெண்டு பேரும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்றார். பள்ளிக்கூட வாத்தியாருக்கு வாய்த்த பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. அதனால் கேள்.

உன் எண்ணை நான் நம்பாமல் வெட்டவில்லை. உன்னைப் போல ஒன்பது பேர் அனுப்பினாலும் வெட்டுவேன். நீ சுற்றும்போது மண் சில நிமிஷத்தில் அறுந்துவிடுகிறது. கரை அப்படியா? மாதக்கணக்கில் அதே இடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கப் போகிறது. உன் அண்ணனிடம் ஒரு மூட்டையைக் கொடுத்தால் வீம்புக்கு ஒரு நிமிஷம் தூக்கிக் காட்டுவார். அதையே நாளைக் காலை வரை தூக்கிக்கொண்டு நில்லுங்கள் என்றால்? களிமண்ணும் அதேதான். சட்டென்று இழுத்தால் பலசாலி மாதிரி நடிக்கும், நின்று அழுத்தினால் மெல்ல நழுவும். களி எவ்வளவு குழைகிறதோ அவ்வளவு நடிப்பு. ஆய்வுக்கூடத்தில் உன் மண்ணின் பிளாஸ்டிசிட்டி எண் எண்பதைத் தொட்டது. அந்த அளவு குழையும் மண்ணில் கருவி காட்டுவதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் நம்பலாம். எத்தனையோ கரைகள் சரிந்த பிறகு தெரிந்துகொண்ட கணக்கு இது. என் வீட்டுக் கணக்கு இல்லை.

உனக்கு ஆட்கள் சிரித்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. துளை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே போட்டாய்? கரையடியில் இருக்கிற அந்த முப்பது வீடுகளின் வாசலில். கரை சரிந்தால் மண் எங்கே போகும் என்று நேத்தேயிடம் கேட்டாயா? இங்கே எங்கள் தலைமைப் பொறியாளரும் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். "அந்தக் குறைப்பைக் கொஞ்சம் குறைக்க முடியாதாம்மா?" என்கிறார். காய்கறிக் கடை என்று நினைத்துவிட்டார். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். என் கையெழுத்து மூன்றரை மீட்டருக்குத்தான் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு கூடை மண்கூட என் பெயரில் ஏறாது.

என் பங்குக்கு எனக்கும் ஒரு கோபம் உண்டு. நீ அனுப்புவது வெறும் எண்கள். மண்ணைத் தொட்டுப் பார்த்தவன் நீ, நான் இல்லை. கம்பி எப்படி இறங்கியது, சிப்பி நெறுநெறுத்ததா, வேர் இருந்ததா, ஒரு வரி குறிப்பு கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டு வழி சொல்லச் சொல்கிறாய். இவ்வளவு ரோஷம் இருக்கிறவனுக்கு ஒரு வரி எழுதக் கை வலித்ததா?

அண்ணி


முகாம்
பிப்ரவரி 13

அண்ணிக்கு,

குறிப்பு எழுதவில்லையா? நானா?

ஒவ்வொரு சோதனைக்கும் எழுதியிருக்கிறேன். எங்கள் எழுத்தர் செய்கிற வேலை இது. களக் குறிப்பேட்டில் சேறு இருக்கிறதாம், அலுவலகத்துக்கு அனுப்பினால் அசிங்கமாம். அதனால் சுத்தமான தாளில் கடைசி எண்ணை மட்டும் அழகாகப் பார்த்து எழுதி அனுப்புகிறார். முகாம் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். இன்றைக்குப் போய்க் கேட்டால், "குறிப்பெல்லாம் யாருங்க படிக்கறா?" என்கிறார்.

படிக்கிறவர் நீங்கள் இருக்கிறீர்கள் அல்லவா? இதோ, அசல் குறிப்பேட்டையே மாதிரிப் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். பார்த்த பிறகு, யார் ஒழுங்காக வேலை செய்கிறவன், யார் செய்யாதவன் என்று நேத்தேவுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அது போதும் எனக்கு.

கரை வேலை தொடங்கிவிட்டது. ஒரு நாளைக்கு எழுபது லாரி.

கொழுந்தன்


அலுவலகம்
பிப்ரவரி 16

தம்பி,

குறிப்பேட்டைப் பார்த்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் செய்திருக்கிறாய்.

துளை ஒன்றிலிருந்து எட்டு வரை குறை சொல்ல இடமில்லை. மொத்த அளவு ஒரு பத்தியில், வெற்றுச் சுற்று ஒரு பத்தியில், கழித்தது ஒரு பத்தியில். கையெழுத்து உன் அண்ணன் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறது. பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பதாம் துளைக்குப் பக்கத்தைத் திருப்பினால் வெற்றுச் சுற்றுப் பத்தி காலி. பத்து, காலி. பதினொன்று, பன்னிரண்டு, காலி. மற்ற துளைகளில் ஏழு, ஆறரை, ஏழு என்று நீ கழித்திருக்கிறாய். இந்த நான்கில் எதையும் கழிக்கவில்லை. கம்பியின் உரசலையும் சேர்த்து மண்ணின் பலம் என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் பன்னிரண்டு துளையும் ஒரே இருபத்துநான்கு. நானும் ஒரே சீரான மண் என்று நம்பி எழுதித் தொலைத்தேன்.

பத்தாம் துளையில் நான்கு மீட்டர் ஆழத்தில் நீயே எழுதியிருக்கும் குறிப்பைப் படி: "கம்பி தன் கனத்திலேயே அரை மீட்டர் இறங்கியது." ஒரு இரும்புக் கம்பியைத் தாங்க முடியாத மண்ணுக்கு, அடுத்த கட்டத்திலேயே இருபத்துநான்கு என்று பலம் போட்டிருக்கிறாய். எழுதும்போது உனக்கே சிரிப்பு வரவில்லையா?

இருபத்துநான்கில் ஏழு போனால் பதினேழு. அதில் மூன்றில் இரண்டு பங்கு, பதினொன்று. பதினொன்றுக்கு இரண்டரை மீட்டர்கூடத் தாங்காது, தம்பி. நான் மூன்றரைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த முப்பது வீட்டுக்கு முன்னால். தலைமைப் பொறியாளரோடு சண்டை போட்டு நேர்மைக்காரி மாதிரி வெளியே வந்தேனே, அந்தக் கையெழுத்துத்தான் அவர்கள் தலையில் விழப் போகிறது.

"எல்லாத் துளையிலும்" என்று எனக்கு எழுதினாய். என்னிடமே பொய் சொன்னாயா, அல்லது மறந்தாயா? இந்தக் கடிதத்தைத் தனி ஜீப்பில் அனுப்புகிறேன். ஓட்டுநர் காத்திருப்பார். பதிலைக் கையோடு கொடுத்தனுப்பு. கரை இன்று எவ்வளவு உயரம் என்பதையும் எழுது.

அண்ணி


முகாம்
பிப்ரவரி 17

அண்ணிக்கு,

கரை இரண்டு மீட்டர் இருபது.

மறக்கவில்லை. பொய்தான்.

மூன்று தாள் கிழித்துவிட்டேன். ஓட்டுநர் டீ குடித்து முடித்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார். அதனால் எப்படி வருகிறதோ அப்படியே எழுதுகிறேன்.

எட்டுத் துளை முடிந்த அன்று நேத்தே வந்து, மீதி நான்கையும் இரண்டே நாளில் முடிக்கச் சொன்னார். நான் ஒன்பதில் வெற்றுச் சுற்றுக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். "எல்லாம் ஒரே களிமண்தான, எதுக்கு ரெண்டு ரெண்டு தடவ சுத்திக்கிட்டிருக்கீங்க?" என்றார். நான் விளக்கம் சொல்லியிருக்கலாம். எனக்கும் அன்று முதுகு வலி, சேற்றில் நின்று நின்று கால் ஊறிப்போயிருந்தது. சரி, எட்டாம் துளையில் கழித்ததையே கடைசியில் கழித்துக்கொள்ளலாம் என்று விட்டேன். கணக்குப் போட உட்கார்ந்தபோது பதினேழு வந்தது. மற்ற எட்டும் இருபத்துநான்கு, இது மட்டும் பதினேழு என்றால் ஆயிரம் கேள்வி வரும், திரும்பப் போய்ச் சுற்றச் சொல்வார்கள். கழிக்காமல் விட்டால் இருபத்துநான்கு. எல்லாத் துளையோடும் அழகாகப் பொருந்திப் போனது. பொருந்துகிறது, ஆகவே சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் கடிதத்தில் அவ்வளவு குதித்தேனே, அது ஏன் என்று இப்போது எனக்கே புரிகிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கக்கூட இல்லை, நேராகக் கோபமாக வந்துவிட்டது. அந்த நான்கு பக்கத்தை மறந்தே போய்த்தான் குறிப்பேட்டை அனுப்பினேன் என்றால் நம்புவீர்களா? அந்த அளவுக்கு நானே என் பொய்யை நம்பிவிட்டேன்.

காலையில் நேத்தேயிடம் போய்ச் சொன்னேன். "உங்க அண்ணி எழுதிக் குடுத்த பேப்பர்ல மூணரைன்னு இருக்கு. பேப்பர் மாறட்டும், நிறுத்தறேன்" என்கிறார். லாரி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாளைக்கு யாரையும் கேட்காமல் கருவியை எடுத்துக்கொண்டு போய்ப் பத்தாம் துளைக்குப் பக்கத்தில் மறுபடி சுற்றப் போகிறேன். எண் என்ன வந்தாலும் அனுப்புகிறேன்.

அறிக்கையில் என் பெயரைப் போட்டால் களச் சோதனை வேலை இனி எனக்கு எங்கேயும் கிடைக்காது. அது உங்களுக்கும் தெரியும். போடாதீர்கள் என்று கேட்க வாய் வருகிறது. கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறேன் என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

கொழுந்தன்


அலுவலகம்
பிப்ரவரி 20

தம்பிக்கு,

பதினாறு முக்கால் வந்து சேர்ந்தது. வெற்றுச் சுற்று ஏழு என்று தெளிவாக எழுதியிருந்தாய். யாரோ ஒரு பெண்ணின் கைநாட்டும் ஓரத்தில் இருந்தது. யார் என்று பிறகு சொல்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தலைமைப் பொறியாளர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். அறிக்கையை மாற்றிக்கொள்ளலாமாம், ஆனால் கருவி பழுது என்று எழுதிவிடலாமாம். "உங்க சொந்தக்காரப் பையன் வேற, எதுக்கும்மா வம்பு? மிஷின் மேல போட்டுட்டா யாருக்கும் நஷ்டமில்ல" என்றார். என் குடும்பத்தின் மேல் அவருக்குத்தான் எவ்வளவு அக்கறை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். அந்தக் கருவி எட்டுத் துளையில் சரியாக இருந்து, வீடுகளின் வாசலுக்கு வந்ததும் பழுதாகிவிட்டதா? அப்படி எழுதினால் அதே எழுத்தர் நாளைக்கும் குறிப்பில்லாத சுத்த நகல் அனுப்புவார். நேத்தேவும் அடுத்த சைட்டில் வேறு யாரிடமாவது போய் எதுக்கு ரெண்டு தடவை என்பார்.

நடந்ததை நடந்தபடி எழுதினேன். நான்கு துளைகளில் வெற்றுச் சுற்று அளக்கப்படவில்லை, அளந்தவர் இன்னார். களக் குறிப்புகள் நகலில் விடப்பட்டன, அனுப்பியவர் இன்னார். அசல் குறிப்பேட்டைக் கேட்டு வாங்காமல் அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டவர் இன்னார். மூன்றாவது பெயர் என்னுடையது. பன்னிரண்டு துளையும் ஒரே எண்ணைக் காட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். களிமண் அவ்வளவு ஒழுக்கமான ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். உன் அக்கறையின் மேல் இருந்த நம்பிக்கையில் கேட்காமல் விட்டேன். நேத்தே சொன்னதற்கு நேர் எதிர், பார்த்தாயா? அண்ணி உன்னை அளவுக்கு மேல் நம்பிவிட்டாள்.

உன் பெயரைப் போட்டதற்கு வருத்தப்படுகிறேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

வேலையை நிறுத்தவும் வீடுகளைக் காலி செய்யவும் உத்தரவு நாளைக் காலை அங்கே வந்துவிடும். வரும் வரைக்கும் லாரிக்குக் குறுக்கே படுத்தாவது நிறுத்து. இதை வேடிக்கைக்கு எழுதவில்லை.

அண்ணி

பி.கு.: அண்ணன் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, உன் அறையைக் கூட்டி, கட்டிலைத் தட்டிப் போட்டிருக்கிறார்.


முகாம்
மார்ச் 4

அண்ணிக்கு,

உங்களுக்கு விசாரணைத் தாக்கீது வந்திருக்கும். எனக்கும் வந்துவிட்டது. நாளை ஜீப்பில் நானும் மாதிரிப் பெட்டிகளோடு ஒரு பெட்டியாக வருகிறேன். அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும். நேரில் என்னால் சொல்ல முடியாது.

உத்தரவு வந்து சேர்ந்தபோது கரை மூன்று மீட்டரைத் தொட்டுவிட்டது. லாரிக்குக் குறுக்கே நான் படுக்கவில்லை, நின்றேன். மூன்று லாரி நின்றன. நான்காவது சுற்றிக்கொண்டு போய்க் கொட்டியது. வேலையை நிறுத்திய மறுநாள் கரையின் மேலே நீளவாக்கில் ஒரு வெடிப்பு, விரல் நுழைகிற அகலம். கீழே வீடுகளுக்கு முன்னால் தரை பொங்க ஆரம்பித்தது. மூன்றாவது வீட்டின் படிக்கல் ஒரு சாண் மேலே ஏறிவிட்டது. கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாகத்தான் சாமான்களை எடுத்தோம். முப்பது வீட்டையும் காலி செய்து, இயந்திரக் கொட்டகையில் தங்க வைத்தோம். மழை வேறு பிடித்துக்கொண்டது. கொட்டகை ஒழுகியது. எல்லாரும் என்னைத் திட்டினார்கள். எனக்கும் கோபம் வந்தது, அண்ணி. உங்களைக் காப்பாற்றத்தானே இத்தனை பாடு என்று அவர்களிடம் கத்த வேண்டும் போல இருந்தது. நல்லவேளை, கத்தவில்லை.

இருபத்துநான்காம் தேதி காலை பத்து மணிக்குக் கரை இறங்கியது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. மெல்ல உட்கார்ந்து, கீழே வழிந்து, முன்வரிசையில் ஐந்து வீடுகளைத் தள்ளிக்கொண்டு போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நேத்தே தலையில் கை வைத்துக்கொண்டு, "மூணரை தாங்கும்னு எழுதிக் குடுத்தாங்களே" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் இந்த ஜென்மத்தில் தீராது. ஆனால் கைப்பிடியைச் சுற்றியது அவர் இல்லை.

கைநாட்டு யாருடையது என்று கேட்டிருந்தீர்கள். அந்த மூன்றாவது வீட்டு அம்மாவுடையது. பத்தாம் துளைப் பக்கத்தில் நான் மறுபடி சுற்றிய அன்று உதவிக்கு ஆள் இல்லை. வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சத்தம் கொடுக்கச் சொன்னேன். ஒரு நிமிஷம்கூடத் தவறவிடவில்லை. எதற்கு என்று அன்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நேற்று அவர் தன் இடிந்த வீட்டில் ஏதாவது தேறுமா என்று பார்க்க வந்திருந்தார். நானும் கூட நின்று செங்கல்லை எடுத்துப் போட்டேன். அப்போதுதான் கேட்டார்.

"ஏன் தம்பி, அன்னிக்கு ஒரு கணக்கு பாத்தோமே, அது எவ்வளவு வந்துச்சு?"

"பதினாறே முக்காலுங்க."

"மொதல்ல எவ்வளவு எழுதியிருந்த?"

"இருபத்திநாலு."

"ஏன் மாறிச்சு?"

எனக்கு வாயில் நிறையப் பதில் இருந்தது. நேத்தே, எழுத்தர், முதுகு வலி, இரண்டு நாள் கெடு. உங்களுக்கு எழுதியதெல்லாம் அதுதானே? அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றையும் சொல்ல முடியவில்லை. "வெறும் கம்பிய ஒரு தடவ தனியா சுத்திக் கழிக்கணும்ங்க. மொதல்ல அத நான் செய்யல" என்றேன்.

"அன்னிக்கு நான் சத்தம் குடுத்தப்ப, கடைசியா சுத்தினியே, அதுவா?"

"அதேதாங்க."

"அது அஞ்சு நிமிசம்கூட ஆகலையே."

ஆமாம் என்றேன். அவர் திட்டவில்லை. நாங்கள் நின்றுகொண்டிருந்தது விழுந்த சுவருக்குப் பக்கத்தில். அதைக் கையால் காட்டி, "இந்தப் பக்கம்தான் நான் தல வெச்சுப் படுப்பேன்" என்றார். பிறகு குனிந்து செங்கல்லை எடுக்க ஆரம்பித்தார்.

கொழுந்தன்